ஆளுக்கு ஏழு

தையல் கூடத்தின் மூன்றாவது மாடியில் தன் வெட்டு மேசையை ஜன்னலோரமாக நகர்த்திப் போடச் சொன்னது அக்காதான். வெளிச்சம் போதவில்லை என்று மேற்பார்வையாளரிடம் காரணம் சொன்னாள். உண்மைக் காரணம் கூடத்தில் தைத்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். அந்த ஜன்னலில் நின்றால் நான்கு தெரு தள்ளி எழும்பிக்கொண்டிருந்த கட்டடமும் அதற்கு மேல் நின்ற மஞ்சள் கிரேனும் தெரியும். கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தவன் அவளுடைய தம்பி.

"அக்கா, உங்க தம்பி இந்தப் பக்கம் திரும்பறாரு. கையாட்டுங்க, பார்ப்பாரு" என்று காஜா எடுக்கும் பெண் கேலி செய்வாள்.

"அவன் வேலை நேரத்துல கண்டதையும் பார்க்க மாட்டான்" என்பாள் அக்கா. ஆனால் கிரேனின் நீண்ட கை திரும்பும்போதெல்லாம் அவள் கத்திரி ஒரு நொடி நிற்கும்.

நிற்பது ஒரு நொடிதான். நாற்பது அடுக்குத் துணியை ஒன்றாக வைத்து வெட்டுகிறவள் அவள். விரற்கடை தவறினால் நாற்பது சட்டை பாழ். பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. அளவு நாடா அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும். வீட்டுக்குப் போனாலும் கழற்ற மறந்துவிடுவாள்.

தம்பி அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அப்பா போன பிறகு அம்மா காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். இடையில் அவனுக்குச் சோறு போட்டது, தலை வாரியது, இரண்டு தட்டுத் தட்டியது எல்லாம் அக்காதான். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்தியதும் அதற்காகத்தான். அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எது வந்தாலும் பாதிப் பாதி. ஒரு பன் கிடைத்தால் அக்கா நாடாவை வைத்து அளந்து நடுவில் வெட்டுவாள். வெட்டியவள் அவள் என்பதால் முதலில் எடுப்பவன் தம்பி. அவன் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்து, "இது கொஞ்சம் பெரிசு" என்று ஒன்றை எடுப்பான். "அளந்து வெட்டினதுல பெரிசு சின்னது எங்கேயிருந்துடா வரும்?" என்று அவள் தலையில் குட்டுவாள். பள்ளிக்கூடத்தில் அவனிடம் ஒரு பென்சில் இருந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குப் பாதி ஒடித்துக் கொடுத்துவிடுவான். அதைக் கேட்டு அக்காவுக்குப் பெருமை தாங்காது.

வளர்ந்து, லாரியில் இருந்த சின்ன கிரேனில் உதவியாளாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, கடைசியில் அறுபது மீட்டர் உயரத்தில் போய் உட்கார்ந்தான். ஏணியில் ஏற மட்டும் இருபது நிமிடம். ஏறினால் மத்தியானம்தான் இறக்கம். அதனால் இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டு போவான். ஒன்று குடிக்க, மற்றது அவசரத்துக்கு. இரண்டாவது பாட்டிலின் கழுத்தில் அக்கா சிவப்புத் துணிக்கிழிசலைக் கட்டி, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டிருந்தாள். "மாறிடப் போகுது, ஜாக்கிரதை" என்பாள் தினமும். "ஆமா, நான் என்ன கண்ணு தெரியாதவனா?" என்பான் அவனும் தினமும்.

அன்று காலை பத்து இருபதுக்கு கிரேன் நின்றது.

நின்றது என்றால், கம்பிக் கட்டு ஒன்று நடுவானில் தொங்கியபடி நின்றது. அக்கா ஒரு சட்டைக்கை வெட்டி முடித்து நிமிர்ந்தாள். அப்படியே இருந்தது. இன்னொன்று வெட்டினாள். அப்படியே. பாரத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு டீ குடிக்கிற ஆள் இல்லை அவன். உற்றுப் பார்த்தால் கம்பிக் கட்டு லேசாக ஆடியது. காற்றே இல்லாத காலை அது. அக்கா கத்திரியைத் துணியின் மேலேயே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். அவள் கத்திரியை மூடாமல் போனதை அன்றுதான் கூடத்தில் எல்லோரும் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வேலையிடத்தில் ஒரு இயந்திரமும் ஓடவில்லை. எல்லோரும் வட்டமாக விலகி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து அந்தக் கட்டு அங்குலம் அங்குலமாக இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. பிறகு இரண்டு பேர் மேலே ஏறித் தம்பியை இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். வெயிலில் அவன் உடம்பு அனலாய்க் கொதித்தது. பல் கிட்டித்துக் கிட்டித்து ஓய்ந்திருந்தது.

"உங்க தம்பி கெட்டிக்காரர்மா" என்றார் சைட் என்ஜினியர். "குளிர் வந்ததும் பிரேக்கைப் போட்டுட்டு, எல்லாரையும் விலகச் சொல்லிட்டு, நடுக்கம் விடற வரைக்கும் காத்திருந்து இறக்கியிருக்காரு. வேற ஆளா இருந்தா இன்னைக்கு நாலு பேரைப் பொறுக்கி எடுத்திருப்போம்."

அக்கா நிமிர்ந்து நின்றாள்.

"ஆனா இது மூணாவது காய்ச்சல்னு சொல்றாங்க. முழுசா குணமாச்சுன்னு சர்டிபிகேட் வராம இவரை நான் மேல ஏத்த முடியாது. இன்னொரு தடவை வந்துச்சுன்னா, அந்த நாற்காலியை மறந்துட வேண்டியதுதான்."

மூன்றாவதுதான். முதல் காய்ச்சல் வெகுதூரத்தில், காட்டுக்குள் நடந்த அணைக்கட்டு வேலையில் வந்தது. அங்கே எட்டு மாதம் இருந்தான். மலேரியா என்று சொல்லி மருந்து கொடுத்து, குணமாகித்தான் வீட்டுக்கு வந்தான். ஒன்பது வாரம் கழித்து இரண்டாவது. அது வந்தபோது தெரு முனை டாக்டர் மூன்று நாள் மாத்திரை கொடுத்து, மீதி மருந்துக்கு மறுபடி வரச் சொன்னார். "அந்தப் பதினாலு நாள் மாத்திரைதானே டாக்டர்? அதை அங்கேயே சாப்பிட்டு முடிச்சாச்சு" என்று தம்பி சொல்லிவிட்டான்.

அக்காவோ பழியைக் கொசுவின் மேல் போட்டாள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் ஒரு யுத்தம் நடந்தது. வீட்டு ஜன்னல்களை அளந்து தானே வலை தைத்து மாட்டினாள். தண்ணீர்த் தொட்டிக்கு ரப்பர் வைத்து மூடி போட்டாள். பக்கத்து வீட்டில் குடியிருந்த வேன் டிரைவரின் பூந்தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளில் தண்ணீர் நிற்கிறது என்று ஒன்பது தட்டுகளையும் பறிமுதல் செய்துகொண்டு வந்துவிட்டாள். டிரைவர் அவளுக்குக் கொசுப் போலீஸ் என்று பெயர் வைத்தார். "ஏம்மா, எங்க வீட்டுக் கொசுங்க எல்லாம் உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே ஒளிஞ்சுக்குது. இதுக்கு மேல அதுங்களை என்ன செய்யச் சொல்றீங்க?" என்பார். அவள் சிரிக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் காய்ச்சல் வந்துவிட்டது. எங்கோ ஓர் ஓட்டை விட்டுவிட்டோம் என்று சுகாதார நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் ஒவ்வொரு ஜன்னலாக மனதுக்குள் அளந்துகொண்டே போனாள்.

சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கும் அம்மாள் பருமனாக, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தாள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை இழுத்துக் காயவைத்து, சாயம் ஊற்றி, நுண்ணோக்கியில் வெகு நேரம் பார்த்தாள்.

"மலேரியாதான். பழையதுதான்" என்றாள்.

"பழசா? எங்க வீட்டுல ஒரு கொசு கிடையாதும்மா!" என்றாள் அக்கா, யாரோ வீட்டைக் குறை சொல்லிவிட்டது போல.

"கொசு வேணாம்மா. காட்டுல கடிச்ச கொசு ஒண்ணே போதும். கடிச்சதும் கிருமி முதல்ல போற இடம் கல்லீரல். அங்கேயிருந்து ஒரு கூட்டம் ரத்தத்துல இறங்கும், காய்ச்சல் வரும். இன்னொரு கூட்டம் இறங்காம அங்கேயே படுத்துத் தூங்கும். மூணு நாள் மாத்திரை ரத்தத்துல இருக்கறதைத்தான் கொல்லும். தூங்கறதைத் தொடாது."

"எப்ப முழிக்கும்?"

"அதுக்கு அலாரம் கிடையாது. ரெண்டு மாசத்துலயும் முழிக்கும், ஒரு வருஷம் கழிச்சும் முழிக்கும். ஆள் நல்லாத்தான் இருப்பான். வலி இருக்காது, ரத்தத்துல பார்த்தாலும் தெரியாது. திடீர்னு ஒரு நாள் குளிரும்."

அக்காவின் கை கழுத்து நாடாவைப் பிடித்துக்கொண்டது. "அப்ப நான் தைச்ச வலையெல்லாம்?"

"கழட்டிடாதீங்க. இவரைக் கடிக்கற கொசு உங்களைக் கடிச்சா உங்களுக்கும் வரும். ஆனா வலை வெளிய இருக்கறதைத்தானே தடுக்கும்? இவருக்கு அது உள்ளேயே குடியிருக்கே." ரத்தம் பார்க்கும் அம்மாள் தம்பி பக்கம் திரும்பினாள். "தூங்கறதைக் கொல்லத்தான் பதினாலு நாள் மாத்திரை. அதைச் சாப்பிட்டீங்களா தம்பி?"

"சாப்பிட்டேன்" என்றான் தம்பி. சொல்லிவிட்டு முழங்கையைச் சொறிந்தான்.

பால்பாத்திரத்தில் விரல் வைத்த காலத்திலிருந்து பொய் சொன்னால் அவன் முழங்கையைத்தான் சொறிவான். அக்கா அங்கே ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து, மர பெஞ்சில் அவனை உட்கார வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"எத்தனை?"

"என்ன எத்தனை?"

"மாத்திரை எத்தனைடா சாப்பிட்டே?"

அவன் தரையைப் பார்த்தான். "ஏழு."

"மீதி ஏழு?"

"நெட்டைக்குக் கொடுத்தேன்."

நெட்டை என்பவன் அந்தக் காட்டு வேலையில் தம்பிக்குக் கீழே நின்ற சிக்னல்காரன். மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே ஒருவன் வாக்கி-டாக்கியில், இன்னும் கொஞ்சம், இடது பக்கம், நிறுத்து என்று சொல்லச் சொல்லத்தான் பாரம் இறங்கும். கிரேன்காரனுக்குக் கண் என்றால் அவன்தான். தம்பிக்குக் காய்ச்சல் வந்த மறுநாள் நெட்டைக்கும் வந்தது. அவன் போய் நின்ற அன்று வேலையிடத்துக்குப் பக்கத்து மருத்துவ முகாமில் பதினாலு நாள் மாத்திரை தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் ஆட்களை ஏற்றிப் போகும் லாரி அந்தப் பக்கம் போகவில்லை.

"என்கிட்ட பதினாலு இருந்துச்சு. அவன்கிட்ட ஒண்ணுமில்ல. சாப்பாட்டுப் பெட்டி மூடியில கொட்டி ரெண்டா பிரிச்சேன். ஆளுக்கு ஏழு." அவன் நிமிர்ந்தான். குரலில் ரோஷம் வந்திருந்தது. "முறைக்காதக்கா. நீ பழக்கினதுதானே? ஒரு பன்னைக் கூட அளந்து பாதியாக்கித்தானே கொடுத்தே? அவன் நடுங்கிட்டுக் கிடக்கறப்போ நான் மட்டும் எப்படி முழுசையும் முழுங்குவேன்?"

அவளுக்குத் திட்டத்தான் வாய் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். இவன் இடத்தில் தான் இருந்தாலும் இதையேதான் செய்திருப்போம், அதுவும் நாடாவை வைத்து அளந்து செய்திருப்போம் என்று தோன்றியபோது அவன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மருந்து கொடுப்பதற்கு முன் இன்னொரு சோதனை செய்தார்கள். அந்த மாத்திரை சிலருடைய ரத்தத்துக்கு ஆகாது, ரத்த அணுக்களை உடைத்துவிடும் என்றாள் ரத்தம் பார்க்கும் அம்மாள். தம்பிக்கு ஒத்துக்கொள்ளும் என்று வந்தது. காட்டிலும் அவனுக்கு அந்தச் சோதனை செய்திருந்தார்கள். அப்படியென்றால் நெட்டைக்கு யார் செய்தது என்ற கேள்வி அப்போது அக்காவுக்குத் தோன்றவில்லை. அவள் மனம் முழுக்கத் தன் தம்பியும் அவன் நாற்காலியுமாகவே இருந்தது. பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாளிலிருந்து தம்பி காலைச் சாப்பாடு முடித்ததும் அக்கா எதிரே வந்து நிற்பாள். மாத்திரை போனதும், "நாக்கைத் தூக்கு" என்பாள்.

"எனக்கு முப்பத்தொரு வயசுக்கா."

"தூக்குடா."

ஒன்பது தட்டுகளையும் கழுவித் துடைத்து வேன் டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "கேஸ் வாபஸா?" என்றார் அவர். "தண்ணி மட்டும் நிக்க விடாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

கூடத்தில் மட்டும் அவள் எதுவும் சொல்லவில்லை. கிரேன் மறுபடி சுழலத் தொடங்கியிருந்தது. மேலே வேறு ஒருவன். "உடம்பு சரியாயிடுச்சா அக்கா, வேலைக்கு வந்துட்டாரே!" என்று காஜா எடுக்கும் பெண் கேட்டபோது, அக்கா வாயில் இருந்த குண்டூசிகளைச் சாக்காக வைத்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

நெட்டைக்குத் தம்பி தினமும் போன் செய்தான். மணி அடித்து அடித்து நிற்கும். எட்டாம் நாளுக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டான். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"அவனுக்கும் ஏழுதானே? அவனுக்கும் வந்திருக்கும்" என்றான் தம்பி. சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். அவனைத் தனியாக விட மனம் வராமல் அக்காவும் கிளம்பினாள்.

பேட்டரி கடைக்கு மேலே ஒற்றை அறை. கதவு தாழிடவில்லை. கட்டில் நீளம் போதாமல் இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு கோணி. உடம்பின் மேல் அறையில் இருந்த துணியெல்லாம் குவிந்திருந்தது. அந்தக் குவியல் நடுங்கியது.

"நெட்டை" என்றான் தம்பி.

குவியலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "கி... கிரேனா? எ... எறங்கி வந்துட்டியா?"

தம்பி கட்டிலருகே போனான். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். ஆறு மீதி இருந்தது. கட்டை விரல் ஒன்றின் மேல் அழுந்தியது. அட்டை முறியும் சத்தம் கேட்கும் முன் அக்காவின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"விடுக்கா."

"விட மாட்டேன்."

"மூணு எனக்கு, மூணு அவனுக்கு. இப்போதைக்கு."

"இதுல பாதி கிடையாதுடா! பாதி போட்டா ரெண்டு பேருக்கும் இல்ல. நான் பழக்கினதுதான், நானே சொல்றேன். இதுல கிடையாது."

"அப்ப இவன் கிடந்து சாகட்டுமா?"

அவள் பதில் சொல்லுமுன் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எனக்கு அந்த மாத்திரை வேணாம்டா." நெட்டை நீளமான கையை நீட்டிச் சுவரில் தொங்கிய வாக்கி-டாக்கித் தோல் உறையைக் காட்டினான். "அதுக்குள்ள பாரு."

உறைக்குள் மடித்த காகிதம். காகிதத்துக்குள் நான்கு மாத்திரைகள், ஓரம் பொடிந்து.

"மூணுதான் சாப்பிட்டேன்" என்றான் நெட்டை. "மூணாம் நாள் மூத்திரம் கறுப்பா போச்சு. பால் விடாத காபி மாதிரி. கண்ணு மஞ்சளாச்சு, நாலு படி ஏற முடியல. பயந்து நிறுத்திட்டேன். உன் பங்கைப் பிச்சுக் கொடுத்தே. அதைப் போய்ச் சாப்பிடாம வச்சிருக்கேன்னு எப்படிடா சொல்லுவேன்? போனை எடுத்தா கேப்பியேன்னுதான் எடுக்கல."

தம்பி அந்தக் காகிதத்தைக் கையில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அணுக்களை உடைத்துவிடும் என்று ரத்தம் பார்க்கும் அம்மாள் சொன்னது அவன் காதிலும் விழுந்ததுதான். "நான் உனக்கு விஷத்தையாடா பங்கு போட்டேன்?" என்றான். அதையே இரண்டு முறை சொன்னான்.

"போடா, செத்தா போயிட்டேன்?" என்றான் நெட்டை, பல் கிடுகிடுக்க.

அக்கா இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இவனுக்குச் சோதனை யார் செய்தார்கள் என்று எட்டு நாளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவள் அவள். நாற்பது அடுக்குத் துணியில் விரற்கடை பிசகாதவளுக்கு அது பிசகியிருந்தது. அவள் குவியலிலிருந்து ஒரு சட்டையை உருவி உதறினாள். "எந்திரிப்பா. குளிர் விட்டதும் கிளம்பணும். உனக்கு உன் ரத்தத்தைப் பார்த்துத்தான் மருந்து."

நெட்டையின் ரத்தத்துக்கு அந்த மாத்திரை தினமும் ஆகாது என்று வந்தது. அவனுக்கு வேறு கணக்கு. ரத்தக் கிருமிக்கு முதலில் மூன்று நாள் மாத்திரை. பிறகு தூங்கும் கிருமிக்கு அதே மாத்திரை வாரம் ஒரு முறை, எட்டு வாரம், சுகாதார நிலையத்தில் அவர்கள் கண் முன்னால். ஒவ்வொரு முறையும் சிறுநீரின் நிறத்தைக் கவனிக்க வேண்டும், மாறினால் உடனே ஓடி வர வேண்டும். நான்கு மாத்திரைகளை வாங்கிக் குப்பையில் போட்ட ரத்தம் பார்க்கும் அம்மாள் தம்பியைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"இனிமே திரும்பாதுல்ல?" என்று அக்கா இருவருக்குமாகக் கேட்டாள்.

"பெரும்பாலும் திரும்பாது. சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்."

எட்டு வாரத்துக்கு நெட்டை அவர்கள் வீட்டிலேயே தங்கினான். அவன் நீளத்துக்கு அக்கா இரண்டு வலைகளை ஒட்டுப் போட்டுத் தைத்தாள்.

தம்பிக்குப் பதினாலு நாளும் முடிந்தது. சர்டிபிகேட்டும் வந்தது. என்ஜினியர் அதைப் படித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார். "ஆறு மாசம் கீழ நில்லுங்க. சிக்னல் பாருங்க. அதுவரைக்கும் காய்ச்சல் வரலைன்னா அப்புறம் பேசுவோம்" என்றார். அப்புறம் பேசுவோம் என்றால் என்ன அர்த்தம் என்று தம்பி கேட்கவில்லை. மேலே இருந்தவனுக்குக் கண்ணாக, தலைக்கவசத்தோடு மண்ணில் போய் நின்றான். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. அலமாரியில் சிவப்புத் துணி கட்டிய பாட்டில் காலியாக நின்றது. அக்கா அதை எடுத்து வேறு இடத்தில் வைக்கவில்லை.

நெட்டை இரண்டாம் வார மருந்து போட்டுக்கொண்ட மறுநாள் காலை, தம்பி குளியலறைக் கதவை விட்டு நகரவில்லை.

"என்ன நிறம்டா?"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"டேய், என்ன நிறம்னு கேக்கறேன்ல?"

"மஞ்சள்டா! தினமும் வாசல்ல நின்னுகிட்டு இதே கேள்வியா? சந்தேகம்னா உள்ள வந்து பாரு!"

தம்பி சிரிக்கவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அக்கா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கூடத்தில் அன்று வெயில் மேசை முழுக்க விழுந்திருந்தது. கிரேனின் கை மெல்லச் சுழன்று இந்தப் பக்கம் வந்தது.

"அக்கா, தம்பி என்ன இன்னைக்கு இவ்வளவு மெதுவாத் திருப்பறாரு? தூக்கமா?" என்றாள் காஜா எடுக்கும் பெண்.

அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். "அது என் தம்பி இல்ல" என்றாள். "அவன் கீழ நிக்கிறான். ஆறு மாசத்துக்கு."

தையல் இயந்திரங்கள் ஒன்றிரண்டு நின்றன. அவள் துணியை இழுத்துச் சமன் செய்து, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் அங்கேயிருந்து தரை தெரியாது.